ஓடாமல் அடிக்கப் பழகின நாற்பது நாள்

மார்ச் 2, ஞாயிறு

எட்டு மணிப் பூசை முடிந்ததும் கொறற்றி அக்கா என்னைக் கூப்பிட்டா. கையில் ஃபோன். "மெல்ரோய், இதைக் கேளும்" என்று காதுக்குக் கிட்டப் பிடித்தா. எங்கட கோயில் கொயர்தான், இன்றைக்குப் பாடின கடைசிப் பாட்டு. நல்லாத்தானே போகுது என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"இது நாலு நிமிசப் பாட்டு. நீர் எத்தனை நிமிசத்தில முடிச்சீர் தெரியுமா? மூண்டு நிமிசம் அஞ்சு செக்கன். பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு நிக்குதுகள்."

மரியகொறற்றி அக்கா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவ. கொயரை ஜனவரியில்தான் பொறுப்பெடுத்தா. வந்த நாளில் இருந்தே என்னைக் கண்ணாடிக்கு மேலால்தான் பார்க்கிறா.

"இனித் தவக்காலம். டிறம்ஸ் இல்லை. உயிர்த்த ஞாயிறு காலைப் பூசைக்கு நீர் அடியும். அண்டைக்கும் ஓடினா, பிறகு கீபோட்டில இருக்கிற தாளத்தைப் போட்டுப் பாடுவம். அது ஓடாது. சத்தமும் போடாது."

"தேத்தண்ணியும் கேக்காது" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக டிறம்ஸுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஸ்டூல் என்னுடையது. ஹாபரில் நான் ஒரு கிளியரிங் கொம்பனியின் கிளாக். கப்பலில் வருகிற கொள்கலன் பெட்டிகளின் நம்பர் எழுதுகிறவன். அங்கே என் பேர் தெரிந்தவர்கள் ஆறேழு பேர் இருந்தால் பெரிய காரியம். கோயிலில் அந்த ஸ்டூலில் இருக்கும்போதுதான் நான் மெல்ரோய். அதையும் ஒரு மிஷினுக்குக் குடுக்கிறதா? செத்தாலும் மாட்டன்.

மார்ச் 3, திங்கள்

பாடுகிறவர்கள் இழுக்கிறார்கள், அதுதான் நான் தள்ளுகிறேன் என்று றோஸியிடம் விளக்கினேன். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயை வெட்டினா. கட்டின மனுசி சொல்கிற கதையா இது! அவவும் கொயர்தான். இரண்டாம் வரிசை, என் இடக்கைப் பக்கம். நான் அடிக்கத் தொடங்கின வருஷமே சேர்ந்தவ. ஒரு சொல்லு எனக்காகக் கதைக்கக் கூடாதா?

மார்ச் 5, விபூதிப் புதன்

டிறம்ஸைத் துணியால் மூடிக் கட்டிவிட்டு வந்தேன். கொஞ்சம் அழுகை வந்தது.

மார்ச் 8, சனி

எங்கட கொட்டாஞ்சேனையில் யாரிடமாவது பழகப் போனால் பின்னேரத்துக்குள் கோயில் பங்குச் சனத்துக்கெல்லாம் தெரிந்துவிடும். "ஐம்பத்தொரு வயசில மெல்ரோய் டிறம்ஸ் பழகப் போறாராம், அப்ப இவ்வளவு காலமும் என்ன அடிச்சவர்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால் வெள்ளவத்தையில் ஒரு டிறம்ஸ் வகுப்பு. அங்கே என்னை ஒரு காகத்துக்கும் தெரியாது. றோஸியிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுக் கோட்டையில் ரயில் எடுத்தேன்.

மூன்றாம் மாடி ஃப்ளாட். எதிர்க் கதவில் கெமிஸ்ற்றி டியூஷன். மணி அடித்தேன், ஒரு பிள்ளை திறந்தது.

"சேர் இருக்கிறாரா?"

"நான்தான் படிப்பிக்கிறனான். உங்கட மகனுக்கோ?"

"இல்லை... எனக்கு."

உள்ளே குசினியில் யாரோ இருமினார்கள். அது சிரிப்பு. பிள்ளையின் அம்மா கனகேஸ்வரி என்று பிறகு தெரிந்தது. பிள்ளையின் பேர் சுபோதினி. இருபத்தேழு வயது, எங்கட மகள் டெனிஷாவை விட இரண்டு வயதுதான் மூப்பு. நான் 'மிஸ்' என்றேன், அவ 'அங்கிள்' என்றா. அப்படியே இருக்கட்டும்.

ஒரு ரப்பர் தட்டைத் தந்து அடிக்கச் சொன்னா. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தையும் காட்டி அடித்தேன். மிஸ் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தா.

"அங்கிள், இது சுத்தியல் பிடிக்கிற பிடி. பெருவிரலும் சுட்டுவிரலும் பிடிக்கட்டும், மற்ற மூண்டும் சும்மா கூட வரட்டும். இறுக்கிப் பிடிச்சாக் கை களைக்கும். களைச்ச கை கெதியா முடிக்கப் பாக்கும். அதுதான் ஓடுறியள்."

நான் ஓடுகிறேன் என்று இந்தப் பிள்ளையிடம் நான் சொல்லவே இல்லை.

வீட்டு வேலை: வலது, இடது, வலது, இடது. ஃபோனில் டிக் டிக் சொல்கிற ஆப், நிமிஷத்துக்கு அறுபது. ஒரு டிக்குக்கு ஒரு அடி. ஒவ்வொரு நாளும் பத்து நிமிஷம். இவ்வளவுதானா என்று கேட்டேன். "முதல் இதைச் செய்யுங்கோ பாப்பம்" என்றா.

இரண்டு நிமிஷத்தில் நான் டிக்குக்கு முன்னுக்குப் போய்விட்டேன். சுவர் மணிக்கூடு போற வேகம் அது! அதோட கூடப் போகத் தெரியேல்ல எனக்கு.

மார்ச் 10, திங்கள்

கீழ் வீட்டு சஜீத் நைட் டியூட்டி முடித்துப் பகலில் படுக்கிறவர். அதோடு தவக்காலத்தில் எங்கட வீட்டில் பாட்டு, கொட்டு ஒன்றும் இல்லை. அதனால் அறையைப் பூட்டிவிட்டுத் தலையணையில் அடித்தேன். ஒரு சத்தம் இல்லை, சுகமாக இருந்தது.

றோஸி என் வேலைப் பையில் சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கப் போய்க் குச்சி இரண்டையும் எடுத்துவிட்டா.

"ஓவர்டைமுக்கு ரெண்டு தடியா?"

சொன்னேன். கட்டிலில் இருந்து சிரித்தா, கண்ணில் தண்ணீர் வருமட்டும். பிறகு, "ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"வெட்கமா இருந்தது."

"இத்தனை வருஷமா ஒரே பாத்றூம் பாவிக்கிறம். இனி என்ன வெட்கம் உங்களுக்கு?"

கையைப் பின்னால் மறைத்தேன். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தா. பெருவிரலடியில் கொப்புளம். தைலம் பூசிவிட்டா.

மார்ச் 12, புதன்

பத்து நிமிஷம். வலது கை சரி. இடது கை கந்தோர் பியோன்தான். வருது, பிந்தி வருது.

மார்ச் 15, சனி

இன்றைக்கு இரண்டு வலது, இரண்டு இடது. எனக்கு முன் வகுப்பு ஒன்பது வயதுப் பெண்பிள்ளைக்கு. அது கதவுக்கு வெளியே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "அங்கிள், நீங்க எந்த கிறேட்?" என்று கேட்டது. கிறேட் ஒன்று என்றேன். "நான் த்றீ" என்று சொல்லிவிட்டுப் போனது. போற போக்கில் சிரிக்கவும் இல்லை. பரிதாபப்பட்டது!

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். பூசையால் வந்து றோஸி பயிற்றங்காய் முறிக்க, நான் பக்கத்தில் தலையணையோடு இருந்தேன். ஆப்பை நிற்பாட்டச் சொல்லிவிட்டு அவவே எண்ணினா. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. கையும் எண்ணிக்கையும் ஒன்றாகப் போச்சு, பயிற்றங்காயும் முறிந்து முடிந்தது. டெனிஷா டோஹாவுக்குப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஒரே இடத்தில் அரை மணித்தியாலம் இருந்ததே இல்லை. டிவிக்கு முன்னால் இருப்பதைச் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

அவமானம்.

இரண்டு கிழமை ஒரு நாள் விடாமல் அடித்த மிதப்பில் போனேன். மிஸ் உண்மையான டிறம்ஸில் இருத்தினா. முதல் அடியிலேயே குச்சி துள்ளி என் மூக்குக் கண்ணாடியில் பட்டது. அடுத்த அடி எங்கே விழுகிறது, அதற்கு அடுத்தது எத்தனை தரம் விழுகிறது, எனக்கே தெரியாது. ஒரு அடிக்கு மூன்று சத்தம்.

"அங்கிள், எதில பிறக்டிஸ் பண்ணினனீங்கள்?"

"தலையணையில."

"ஐயோ அங்கிள்!"

தலையணை குச்சியைத் திருப்பித் தராதாம். ஒவ்வொரு தரமும் நானே இழுத்துத் தூக்கியிருக்கிறேன். தோல் தானே எழுப்பிவிடும், அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும், கை சும்மா வழிவிட்டால் போதும். கண்ணை மூடி, ஒரே ஒரு அடி போட்டுவிட்டு, குச்சி தானாக எழும்புகிறதைக் கையால் கவனிக்கச் சொன்னா. பத்தாவதோ பதினோராவதோ அடியில் அது எழும்பினது. நான் தூக்கவில்லை! இருபத்திரண்டு வருஷமாக அது தானே எழும்ப ரெடியாக இருந்திருக்கு. நான்தான் விடவில்லை.

வெளிக்கிடும்போது கனகேஸ்வரி அம்மா தேத்தண்ணி தந்து, "அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும் தம்பி" என்றா. அம்மி நகரும் அம்மா, இது நகருமோ தெரியாது என்றேன்.

மார்ச் 24, திங்கள்

பழைய றப்பர் சிலிப்பரின் அடியை வெட்டிப் பலகையில் ஒட்டினேன். குச்சி துள்ளுது. சத்தமும் அதிகம் இல்லை. தவக்காலத்தில் இது சரியா என்று கேட்டேன். "செருப்பில அடிக்கிறது பாட்டுக் கொட்டில சேராது. தபசில சேரும்" என்று றோஸி தீர்ப்புச் சொன்னா.

மார்ச் 29, சனி

சத்தம் என்பது பலத்தில் இல்லையாம். குச்சி எவ்வளவு உயரத்தில் இருந்து வருகிறது என்பதில்தான். இரண்டு விரல் உயரத்தில் இருந்து விழுந்தால் மெல்லிய அடி, ஒரு சாண் என்றால் பெரிய அடி. மிஸ் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கப்பை வைத்தா, அதன் விளிம்புக்கு மேல் குச்சி போகக் கூடாது. அரை மணித்தியாலத்தில் கப் மூன்று தரம் விழுந்தது. நல்லகாலம் பிளாஸ்டிக்.

மெல்லமாக அடித்தால் நான் அங்கே இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. இதை மிஸ்ஸிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

வேலையில் ஒரு பெட்டியின் சீல் நம்பரைப் பிழையாக எழுதி, அது ஹாபர் வாசலில் நின்றுபோச்சு. எல்லாருக்கும் முன்னால பேச்சு வாங்கினன். வீட்டை வந்து செருப்பில அடிச்சா ஓடுது, ஓடுது, ஓடிக்கொண்டே இருக்கு. குச்சியைத் தூக்கி எறிஞ்சன். அது அலுமாரிக்குக் கீழ போச்சு. விட்டுத்தள்ளுவம். கீபோட்டே அடிக்கட்டும். அஞ்சில வளையாதது ஐம்பத்தொண்டில வளையவா போகுது?

பிறகு: றோஸி விளக்குமாற்றால் குச்சியை எடுத்து, தூசு தட்டி, மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தா. பத்து நிமிஷம் அடித்துவிட்டுத்தான் நானும் படுத்தேன்.

ஏப்ரல் 12, சனி

நாலு நிமிஷம் முழுக்க, டிக்கை விட்டு விலகவில்லை! மிஸ் ஃபோனில் பிடித்துப் போட்டுக் காட்டினா. மெல்லமாகவும் அடித்தேன், கப் விழவில்லை. எழும்பிக் கைகுடுத்தா. கனகேஸ்வரி அம்மா வருஷப் பிறப்புக்குச் சுட்ட பயற்றம் பணியாரம் ஒரு கடதாசிச் சரை கட்டித் தந்தா. ரயிலில் இரண்டைச் சாப்பிட்டேன். தவக்காலம்தான், ஆண்டவர் மன்னிப்பார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

உபவாசம். அடிக்கவில்லை. விரல்கள் மட்டும் தொடையில் நடந்துகொண்டிருந்தன.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வாசலில் பை செக் பண்ணுவார்கள்; குச்சி இரண்டையும் எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போனேன். துணியை அவிழ்த்தேன், ஸ்டூலில் இருந்தேன். கொறற்றி அக்கா கண்ணாடிக்கு மேலால் பார்த்தா. பாரும் அக்கா, பாரும்.

வானவர் கீதம். மணி எல்லாம் அடிக்குது, சனம் முழுக்க உற்சாகத்தில், பழைய மெல்ரோய் என்றால் இந்த இடத்தில் கட்டவிழ்ந்த மாடு. நான் வாய்க்குள் எண்ணினேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. விரல் இறுகவில்லை. ஓடவில்லை. ஓடவே இல்லை! பிறகு காணிக்கைப் பாட்டு, மெல்லிய அடி.

அப்போதுதான் அது கேட்டது.

இடக்கைப் பக்கத்தில் ஒரு குரல். மற்றவர்கள் எல்லாரும் ஒரு படியில் நிற்க, அது மட்டும் ஒரு படி கீழே இறங்கி, பிறகு ஓடிவந்து மேலே ஏறி, திரும்ப இறங்கி... யாரடா இது என்று பார்த்தால், றோஸி. கண்ணை மூடிக்கொண்டு, முகம் முழுக்க சந்தோஷத்தோடு பாடுகிறா. என்ர றோஸி.

இத்தனை வருஷத்தில் நான் அவ பாடிக் கேட்டதே இல்லை. வீட்டில் ஒரு வரி பாடமாட்டா. ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கோயிலில் என் சத்தம் எல்லாவற்றையும் மூடியிருக்கு. இப்போது மூடவில்லை. கொறற்றி அக்காவின் தலை மெதுவாக இரண்டாம் வரிசைப் பக்கம் திரும்பினது. றோஸி கண்ணைத் திறந்தா, அக்காவைக் கண்டா. குரல் நின்றுபோச்சு.

பூசை முடிய அக்கா என் தோளில் தட்டி, "மெல்ரோய், இது நீர்தானா? இனிக் கீபோட் தாளம் வேணாம்" என்றா. சனம் வந்து கைகுடுத்தது. ஸ்டூல் எனக்குத்தான். வென்றுவிட்டேன். வீட்டில் இறைச்சிக்கறி வைத்துக்கொண்டு றோஸி, "நல்லா அடிச்சீங்க" என்றா. முகத்தைக் காட்டவில்லை.

ஏப்ரல் 23, புதன்

கொயர் பிறக்டிஸ். "ரெண்டாம் வரிசையில ஆரோ கீழ போறீங்க. முந்தி எனக்குக் கேக்கேல்ல, இப்பதான் கேக்குது. கொஞ்சம் கவனியுங்க" என்றா அக்கா. பேர் சொல்லவில்லை. றோஸி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றா.

ஏப்ரல் 27, ஞாயிறு

றோஸியின் வாய் அசையுது. சத்தம் வரவில்லை. முதல் பாட்டில் இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டேன், இல்லை. ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். பூசையால் வந்து சாப்பிட முடியவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

கேட்டுவிட்டேன். முதலில் தொண்டை சரியில்லை என்றா. பொய் சொல்லத் தெரியாத மனுசி.

"சின்ன வயசிலயே பள்ளிக்கூடத்து சிஸ்ரர் சொன்னவ, றோஸி, நீ வாயை மட்டும் அசை எண்டு. எனக்குத் தெரியும், எனக்குச் சுருதி சேராது. ஆனா பாட ஆசை. நீங்க அடிக்கிற அடிக்குப் பக்கத்தில நிண்டா ஒருத்தருக்கும் கேக்காது. எனக்கும் கேக்காது. அதுக்குள்ள நிண்டு ஆசைதீரப் பாடுவன். தவக்காலத்தில வாயை மட்டும் அசைப்பன், டிறம்ஸ் திரும்பி வந்த சந்தோஷத்தில அண்டைக்கு மறந்துபோனன். ஆண்டவருக்குக் கேட்டாப் போதும்தானே."

"அதுக்கா கொயரில சேந்தனீங்க?"

"பின்ன உங்கட வடிவைப் பாக்கவா?"

சிரித்தா. நானும் சிரித்தேன். பிறகு அவ அழுதா. நான் ஓடாமல் பழக வேண்டும் என்று இந்த மனுசிதான் பக்கத்தில் இருந்து எண்ணினவ. அலுமாரிக்குக் கீழிருந்து குச்சி எடுத்துத் தந்தவ. எனக்கு அந்த ஸ்டூல் கிடைக்க, அவவின்ர இடம் போச்சு. அது தெரிஞ்சிருந்தும் எண்ணினவவோ? கேக்கப் பயமா இருக்கு.

மே 1, வியாழன்

லீவு. செருப்புப் பலகையில் ஒரு மணித்தியாலம். பெரிதாக அடித்தால் ஓடுது. மெல்லமாக அடித்தால் ஓடவில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது?

மே 3, சனி

மிஸ்ஸிடம் நேராகக் கேட்டேன். "பெரிய சத்தமா அடிக்க வேணும். ஆனா ஒரு துளியும் ஓடக் கூடாது. நாளைக்கு வேணும்."

"ஏன் அங்கிள்? இப்பதானே மெல்ல அடிக்கப் பழகினனீங்கள்?"

சொன்னேன். குசினிப் பக்கம் இந்த முறை இருமல் கேட்கவில்லை. மிஸ் கப்பைத் தூக்கி அலுமாரியில் வைத்தா. "சரி. உயரத்தில இருந்து விழுத்துங்கோ, ஆனால் விரலை இறுக்காதையுங்கோ. சத்தம் கூடேக்கதான் கை இன்னும் லேசா இருக்க வேணும்." ஒன்றரை மணித்தியாலம் நடந்தது. அதே கிறேட் த்றீ பிள்ளை, இப்போது அதுக்கு எனக்குப் பிறகுதான் வகுப்பு, காதைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றது. இடது கை களைத்துப்போச்சு, ஆனால் பிந்தவில்லை.

மே 4, ஞாயிறு

முதல் மூன்று பாட்டும் அக்கா சொன்ன மாதிரி, மெல்லமாக. றோஸியின் வாய் மட்டும் அசைந்தது.

கடைசிப் பாட்டு. முதல் சரணம் அப்படியே விட்டேன். இரண்டாம் சரணத்தில் குச்சியைக் கொஞ்சம் உயர்த்தினேன். பல்லவி வர இன்னும் கொஞ்சம். மூன்றாம் சரணத்தில் ஒரு சாண். விரல் லேசு, எண்ணிக்கை விடவில்லை. றோஸி என் பக்கம் திரும்பினா. நான் அவவையே பார்த்துக்கொண்டு அடித்தேன். பாடு மனுசி, பாடு. ஒரு வரி போச்சு. அடுத்த வரியில் கழுத்து நரம்பு எழும்பினது. கண்ணை மூடினா. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் பாடுகிறா என்று தெரிந்தது.

பூசை முடிய அக்கா வந்தா.

"மெல்ரோய், கடைசிப் பாட்டு சத்தம் கூட."

"ஓம் அக்கா. ஓடினதோ?"

ஃபோனைப் பார்த்தா. நாலு நிமிஷம் ஒரு செக்கன். "இல்லை. ஓடேல்ல."

"அப்ப ஒவ்வொரு ஞாயிறும் கடைசிப் பாட்டு இப்பிடித்தான் அக்கா. மற்றதெல்லாம் நீங்க சொல்லுற மாதிரி. அது சரிவராட்டி ஸ்டூலில கீபோட்டை வையுங்க."

அக்கா என்னைப் பார்த்தா. பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு நின்ற றோஸியைப் பார்த்தா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "கடைசிப் பாட்டு மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனா.

வழியில் மீன் வைத்த மாலுபாண் வாங்கினோம். படியேறும்போது றோஸி தொண்டையைத் தடவிக்கொண்டு, "தொண்டை கட்டிப்போச்சு" என்றா. ஏன் என்று நான் கேட்கவில்லை. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன்.